பதினோராவது பிக்

கிங்ஸ்டன் தோற்கவேண்டும் என்று நான் ஒருபோதும் மெழுகுதிரி கொளுத்தியதில்லை. மாதாவுக்கு முன்னால் நின்று அப்படியெல்லாம் கேட்கிற ஆள் நான் இல்லை. ஆனால் போன வருடம் முழுக்க, காலையில் கண் விழித்ததும் கைபேசியை எடுத்து நான் முதலில் பார்த்தது என் அணியின் புள்ளிகளை அல்ல, அவனுடைய அணியின் புள்ளிகளை. அவன் தோற்றிருந்தால் அன்று தேநீர் ருசித்தது. வென்றிருந்தால் பியட்றிஸ் போட்ட தேநீரில் சீனி போதாமல் இருந்தது.

பியட்றிஸ் என் மனைவி. கிங்ஸ்டன் அவளுடைய தம்பி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விஷயத்தை ஒழுங்காகச் சொல்கிறேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் வேலை செய்கிற, அல்லது லா சப்பலுக்கு வந்துபோகிற பத்துப் பேர் சேர்ந்து எட்டு வருடமாக ஒரு கூடைப்பந்து லீக் நடத்துகிறோம். ஓடுவதும் பாய்வதும் நாங்கள் இல்லை. எங்கள் வயிறுகளுக்கு அது சரிவராது. அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரர்களை எங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்வோம். அவர்கள் அங்கே உண்மையில் விளையாடி எடுக்கிற புள்ளிகள் இங்கே எங்கள் அணிகளுக்கு ஏறும். ஒவ்வொரு ஒக்டோபரிலும், அந்த வருடம் புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படி தெரிவு செய்வோம். கடைசியாக வந்தவனுக்கு முதல் தெரிவு, வென்றவனுக்குப் பத்தாவது தெரிவு. இரண்டாம் சுற்றும் அதே வரிசைதான். இந்தத் தெரிவு செய்யும் உரிமைக்குப் பெயர் 'பிக்'. ஆட்டக்காரரை விற்பதுபோல இதையும் விற்கலாம். வரப்போகிற வருடத்துப் பிக்கைக்கூட இப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

இதில்தான் மூளை வேண்டும். ஒருவனுடைய வரப்போகிற பிக்கை நான் வாங்குகிறேன் என்றால், அவன் இந்த வருடம் தோற்பான் என்று நம்பித்தான் வாங்குகிறேன். அவன் எவ்வளவு மோசமாகத் தோற்கிறானோ, நான் வாங்கிய பிக் அவ்வளவு முன்னுக்கு வரும். ஒருவனுக்குச் சிரித்துக் கைகொடுத்து, அவனுடைய வீழ்ச்சியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போக வேறெங்கே முடியும்?

கிங்ஸ்டன் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒற்றைப் பையோடு லா கூர்னெவில் எங்கள் வீட்டுக்கு வந்தவன். இரண்டு வருடம் எங்கள் சோபாவில் படுத்தான். எந்தப் பக்கம் நின்று ரயில் ஏறுவது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். இப்போது அவன் பஸ் ஓட்டுகிறான், அரசாங்க வேலை மாதிரி, லீவெல்லாம் உண்டு. எபினேயில் சின்னத் தோட்டத்தோடு வீடு. அவன் தோட்டத்தில் கறிவேப்பிலை தோள் உயரத்துக்கு நிற்கிறது. என் பல்கனியில் மூன்று கன்றுகள் செத்தன. தம்பி வருகிறான் என்றால் பியட்றிஸ் நண்டு வாங்குவாள். நான் வேலை முடிந்து வருகிறேன் என்றால் நேற்றைய பருப்பு இருக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சனிக்கிழமைதான். என் மகள் தர்மிளா லா கூர்னெவ் கழகத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள், வயது பதினாறு. ஆட்டம் எல்லாம் சனிக்கிழமை. சனிக்கிழமை லா சப்பலில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் மாமன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போவான். பின்னேரம் கைபேசியில் படம் வரும்: 'அத்தான், பிள்ளை இண்டைக்குப் பன்னிரண்டு புள்ளி!' கடை வாசலில் வெண்டிக்காய் தெரிந்தெடுக்கிற சனத்துக்கு நடுவில் நின்று அதைப் பார்ப்பேன். என் மகள் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பது படம் எடுக்கிறவனை. அந்தச் சிரிப்பு எனக்குரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது விழுவது அவன் முகத்தில்.

போன வருடம் லீக்கில் புதுப் பரிசு வைத்தோம். அமெரிக்க அணிகள் அடுத்த முறை பாரிஸுக்கு வந்து பெர்சி அரங்கில் ஆடும்போது, வென்றவருக்கு இரண்டு டிக்கெட். சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். தர்மிளா தலையை நிமிர்த்தி, "வெல்லுற ஆளோட நான் போவன்" என்றாள். பிரெஞ்சில் சொன்னாள், விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. அவளும் நானும் ஒரு ஆட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்து எத்தனை வருடம் என்று யோசித்தேன். ஆறு வருடம்.

என்னிடம் அப்போது முருங்கை இருந்தான். ஏழடி உயரம், காற்றடித்தால் வளைவான் போன்ற உடம்பு. அதனால் அந்தப் பெயர். மூன்று வருடத்துக்கு முன்பு யாரும் திரும்பிப் பாராத பதினான்காவது பிக்கில் நான் கண்டெடுத்த ஆள். லா சப்பலில் அதைப் பற்றி நான் பேசாத தேநீர்க்கடை கிடையாது. போன வருடம் தொடக்கத்திலேயே அவனுக்கு முழங்கால் போய்விட்டது.

நவம்பரில் கிங்ஸ்டனின் அணி ஒன்பதாவது இடத்தில் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் சீருடையோடு கடைக்கு வந்தான்.

"அத்தான், முருங்கையைத் தாறீங்களோ?"

"முழங்கால் போனவனை வைச்சு என்ன செய்யப்போறாய்?"

"எனக்கு அவனைப் பிடிக்கும். என்ரை வாற வருசத்து முதல் பிக்கை எடுங்கோ."

கையிலிருந்த பாகற்காயைக் கீழே வைத்தேன். அடுத்த வருடம் வரப்போகிற பொடியன்களில் ஒருவனைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்தது. ஒன்பதாவதாகக் கிடக்கிறவன் கடைசிக்குப் போக எவ்வளவு நேரம்? முதல் பிக் என் கைக்கு வரும், அதுவும் கிங்ஸ்டனின் செலவில்.

"ஆனா ஒண்டு அத்தான்," என்றான் தலையைச் சொறிந்தபடி. "முதல் மூண்டுக்குப் பாதுகாப்பு வேணும்."

பாதுகாப்பு என்றால், அந்தப் பிக் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அதை எனக்குத் தரமாட்டான், தானே வைத்துக்கொள்வான். தோற்கப்போகிறோம் என்று பயப்படுகிறவன்தான் அப்படிக் கேட்பான். அவன் வாயாலேயே சொல்லிவிட்டானே என்று எனக்குள் ஒரே குதிப்பு. ஒரு வாரம் பேரம் பேசினேன். கடைசியில் பாதுகாப்பை எடுத்துவிடுவதற்காக இன்னொரு ஆளையும் கொடுத்தேன், சுண்டெலி என்று நாங்கள் கூப்பிடுகிற வேகமான பொடியனை.

எங்கள் லீக்கில் வாட்ஸ்அப்பில் எழுதியது செல்லாது. முதல் வருடத்திலேயே 'நான் அப்படிச் சொல்லேல்லை' என்று பெரிய சண்டை வந்ததால், எல்லா மாற்றமும் காகிதத்தில் எழுதி லூசியன் ஐயாவிடம் முத்திரை வாங்கவேண்டும். லூசியன் புதுச்சேரிக்காரர், தபால் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். தேதி முத்திரை ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறார்.

"மெசியே மடுத்தீன், நல்லா யோசிச்சுக்கிங்க," என்றார் மையைத் தொட்டபடி. "தம்போன் முத்திரை விழுந்தா அப்புறம் பேச்சு கெடையாது."

"குத்துங்கோ ஐயா," என்றேன்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு முருங்கை மைதானத்துக்குத் திரும்பி வந்தான். முழங்காலை மட்டுமல்ல, உடம்பையும் புதிதாக மாற்றிக்கொண்டு வந்தவன்போல ஆடினான். சுண்டெலி பந்தைக் கொடுப்பான், முருங்கை போடுவான். இரண்டு பேரும் ஒரே அமெரிக்க அணியில் இருப்பவர்கள் என்பதை நான் ஏன் யோசிக்கவில்லை? கிங்ஸ்டனைத் தோற்கடிக்கிற அவசரத்தில், அவனை வெல்லவைக்கத் தேவையான இரண்டு பேரையும் நானே பொதி கட்டி அனுப்பியிருந்தேன். ஜனவரியில் அவன் ஐந்தாவது. மார்ச்சில் இரண்டாவது. ஏப்ரலில் வென்றான். நான் ஏழாவதாக வந்தேன். பியட்றிஸ் தம்பிக்கு நண்டுக் கறி சமைத்தாள். நானும் சாப்பிட்டேன், சாப்பிடாமல் இருந்தால் பொறாமை என்று தெரிந்துவிடுமே.

"அப்ப பெர்சிக்கு நான் மாமாவோட," என்றாள் தர்மிளா, நண்டுக்காலை உடைத்தபடி.

இந்த ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தெரிவுக்குக் கூடினோம். லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்தளம். மத்தியானக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் வருவதற்குள் முடித்துவிடவேண்டும். மேசையில் மட்டன் ரோல்ஸ், பால் விடாத பிளேன்ரீ, லூசியன் ஐயாவின் முத்திரை. முதல் வேலையாக அவர் ஒரு வெள்ளை உறையைக் கிங்ஸ்டனிடம் கொடுத்தார். உள்ளே இரண்டு டிக்கெட். எல்லோரும் கைதட்டினார்கள். என் கைகளும் தட்டின.

அடுத்து லூசியன் ஐயா எழுந்து, தனக்குக் கண் சரியில்லை என்றும், ராத்திரி பகலாக அந்தச் சின்னத் திரையைப் பார்க்க முடியவில்லை என்றும், முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு அணியை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார். போன வருடம் கடைசியாக வந்தவர் அவர்தான். ஆகவே அவருடைய இடத்துக்கு வருகிறவருக்கு முதல் பிக்.

"ஆளைக் கிங்ஸ்டன் சொல்லியிருக்காப்ல. எனக்கும் பரம திருப்தி," என்றார்.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. என் மகள் ஏறி வந்தாள். நூலகத்துக்குப் போகிறேன் என்று காலையில் என்னிடம் சொன்ன அதே பை தோளில்.

பெருமைப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். முதலில் வந்தது அது இல்லை. இவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை: அதுதான் முதலில் வந்தது. கிங்ஸ்டன் தன் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டான். அவளும் எனக்கு ஒரு கையசைப்புக் காட்டிவிட்டு அதில்தான் உட்கார்ந்தாள்.

"இவளுக்கு என்ன தெரியும்?" என்று தனூஜன் கேட்டான். எங்களுக்குள் இளையவன், கைபேசிக் கடை வைத்திருப்பவன்.

கிங்ஸ்டனுக்குச் சந்தோசம் வந்தால் வாய் நிற்காது. "என்ன தெரியுமோ? முருங்கை நத்தாருக்குத் திரும்பி வருவான் எண்டு சொன்னதே இவள்தான். அவன்ரை வைத்தியர் குடுத்த பேட்டியைத் தேடி வாசிச்சவள். அத்தானிட்டப் பாதுகாப்புக் கேக்கச் சொன்னதும்..."

சட்டென்று நிறுத்தினான். ஆனால் பாதி வந்த பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்க முடியாதே.

"என்ன சொன்னவள்?" என்று கேட்டேன்.

தர்மிளாதான் பேசினாள். ஒழுங்கான தமிழில், மெதுவாக, சொல் சொல்லாக.

"பாதுகாப்புக் கேளுங்கோ மாமா எண்டு சொன்னனான். கேட்டா நீங்க பயப்பிடுறீங்கள் எண்டு அப்பா நம்புவார். பிறகு அதை எடுக்க இன்னொரு ஆளும் தருவார். அப்ப சுண்டெலியைக் கேளுங்கோ எண்டும் சொன்னனான்."

"அப்படி நான் தருவன் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மாமான்ரை பேர் இருந்தா நீங்க எதையும் வாங்குவீங்கள் அப்பா."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தேநீர்க் கோப்பையை எடுத்தேன், அது வெறுமையாக இருந்தது, வெறுமையையே குடித்தேன். பத்துப் பேருக்கு முன்னால் என்னை இப்படி யாரும் உரித்ததில்லை. நான் எதிராளிகளை அலசி வைத்திருந்தேன், யார் அவசரக்காரன், யார் கஞ்சன் என்று. என்னை ஒருத்தி என் வீட்டு மேசையில் இருந்தே அலசியிருக்கிறாள்.

"அப்பாவை விட்டிட்டு மாமாவுக்கு ஏன்?" குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்களிட்டத்தானே முதல் கேட்டனான்." இப்போது அவள் குரல் கொஞ்சம் ஆடியது. "முருங்கையை எடுக்கச் சொன்னது ஆர்?"

இங்கே ஒன்று சொல்லவேண்டும். முருங்கையை நான் கண்டெடுத்ததாகச் சொன்னேன் அல்லவா? பொய். மூன்று வருடத்துக்கு முன்பு, பதின்மூன்று வயதில், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அப்பா, இவனை எடுங்கோ, கை நீளம்" என்று சொன்னது அவள். எடுத்தேன். அவன் நன்றாக ஆடத் தொடங்கியதும், அணியின் பெயரோடு தன் பெயரையும் போடச் சொன்னாள். நான் சிரித்தேன். இது ஆம்பிளையளின்ரை விளையாட்டு, போய்ப் படி என்றேன். ஒரு வருடம் கழித்து மாமனிடம் போயிருக்கிறாள். அவன் சிரிக்கவில்லை. அவனை நான் வெறுப்பதற்கு இத்தனை காரணம் வைத்திருந்தேன், இந்த ஒன்றில் மட்டும் பிழை என் பக்கம் இருந்தது. அதற்காக வெறுப்பு குறையவில்லை. இன்னும் கூடியது.

லூசியன் ஐயா தொண்டையைச் செருமினார். "தெரிவுக்கு முன்னாடி மாத்து ஏதாச்சும் உண்டா?"

தர்மிளா பையிலிருந்து ஒரு குறிப்புக் கொப்பியை எடுத்துத் திறந்தாள். "உய், இருக்கு. எனக்கு அப்பான்ரை வாற வருசத்து முதல் பிக் வேணும்." பதிலுக்கு, ஐயாவிடமிருந்து தனக்கு வந்த அணியில் ஒரு நல்ல ஆளின் பெயரைச் சொன்னாள். நேர்மையான விலை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஏன் என்ரை? மாமான்ரையைக் கேளன்."

"மாமா வெல்லுவார்," என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள், ரயில் நேரம் சொல்வதுபோல. அவள் கேட்பதன் பொருள் அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். போன வருடம் முழுக்கக் கிங்ஸ்டனைப் பார்த்து நான் நினைத்ததை, என் மகள் என்னைப் பார்த்து நினைக்கிறாள். நான் தோற்பேன் என்று அவள் நம்புகிறாள். வழக்கப்படி பதிலுக்கு நான் அவளுடைய வருங்காலப் பிக்கைக் கேட்கவேண்டும். தனூஜன் கண்ணைக் காட்டினான், கேள் அண்ணை, சின்னப் பிள்ளை, கட்டாயம் தோற்பாள் என்று. என்னால் முடியவில்லை. அவள் தோற்பதை வாங்கிவைத்துக்கொண்டு ஒரு வருடம் காலையில் எப்படி எழும்புவது?

"முதல் மூண்டுக்குப் பாதுகாப்பு வேணும்," என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். தான் சொல்லிக்கொடுத்த தந்திரம், திரும்பித் தன்னிடமே வருகிறது. நடிக்கிறேனா என்று தேடினாள்.

"பயமா அப்பா?"

"ஓம்," என்றேன்.

கொப்பியில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். "அதை எடுத்துவிட என்ன வேணும்?"

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. "பெர்சியிலை உனக்குப் பக்கத்துச் சீற். வேறை ஆள் வேண்டாம்."

கிங்ஸ்டன் உடனே உறையைத் திறந்து ஒரு டிக்கெட்டை எடுத்து என் பக்கம் தள்ளினான். "அத்தான், இதுக்குப் போய்! எடுங்கோ, சும்மா எடுங்கோ. நான் முதலே தந்திருப்பன்."

தந்திருப்பான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. நெஞ்சில் ஒன்றுமில்லாமல், இரண்டு விரலால் தள்ளிவிடுகிறான், ஒரு வருடம் நான் தூங்காமல் கிடந்ததை. என் கை மேசையில் அப்படியே கிடந்தது. எடு என்று அதற்குச் சொன்னேன், அது எடுக்கவில்லை.

தர்மிளா டிக்கெட்டின்மேல் தன் கையை வைத்தாள். "நோன் மாமா, வேண்டாம். நீங்க சும்மா குடுத்தா அப்பா வாங்கமாட்டார். என்ரை இரண்டாம் சுற்றுப் பிக்கை எடுத்துக்கொண்டு எனக்குத் தாங்கோ. நான் அப்பாக்குக் குடுக்கிறன்."

கிங்ஸ்டன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "சரி. உங்கட பிக்கைத் தாங்கோ, மதாம்," என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் எனக்கு இடமில்லை என்று அப்போதும் ஒரு கணக்கெடுத்துக்கொண்டேன்.

லூசியன் ஐயா இரண்டு காகிதத்திலும் முத்திரை குத்தினார். மை காயட்டும் என்று ஊதிக்கொடுத்தார். டிக்கெட்டை அவள் என் சட்டைப் பைக்குள் தானே வைத்தாள். "ஜனவரியிலை சனிக்கிழமை அப்பா. கடைக்கு லீவு சொல்லுங்கோ."

தெரிவு தொடங்கியது. முதல் பிக்கில், உலகமே பேசிய அந்தப் பொடியனை அவள் எடுத்தாள். சுற்றின் கடைசியில் என் முறை மறுபடி வந்தது, பத்தாவது, கிங்ஸ்டனிடம் வாங்கிய பிக். முருங்கையையும் சுண்டெலியையும் கொடுத்து நான் வாங்கியது. யாரையோ எடுத்தேன், பெயர் இப்போது நினைவில்லை. அடுத்தது பதினோராவது, இரண்டாம் சுற்றின் முதல் பிக். எனக்குப் பக்கத்தில் இருப்பதற்காக என் மகள் கிங்ஸ்டனுக்குக் கொடுத்தது அது. பட்டியலில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

கிங்ஸ்டன் பதினோராவதில் தேடி எடுத்தது கை நீளமான, மெலிந்த ஒருவனை. தர்மிளா தலையசைத்தாள். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இவனுக்கு இன்னொரு முருங்கையும் கிடைத்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன்.